காட்டுவதற்கு ஒரு துப்பாக்கி

போன மாசம் ஆபீஸ்ல ஒரு டெமோ. கஸ்டமர் பக்கத்துல இருந்து அஞ்சு பெரிய தலைங்க வர்றாங்கன்னு ரெண்டு வாரமா ராத்திரி பகல் பாக்காம ஆணி. அந்த ரெண்டு வாரத்துல அடியேன் செஞ்சது என்னன்னு கேட்டீங்கன்னா, திரையில ஒரு உலக உருண்டை. அது சுத்தும். சரக்கு போற ஊருக்கெல்லாம் மின்னல் மாதிரி ஒரு கோடு பறக்கும். பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

"இத யாரு பாஸ் தினமும் யூஸ் பண்ணப் போறா?"ன்னு லீடு கிட்ட கேட்டேன்.

"இது யூஸ் பண்றதுக்கு இல்லப்பா, காட்டறதுக்கு"ன்னார்.

சரிதான். ஆனா அந்த உருண்டை உள்ள வந்ததுல ஒரு வேலை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிப் போயிடுச்சு. ஒரு பொத்தானைத் தப்பா அமுக்கினா ஒரு கிளையோட மொத்த டேட்டாவும் காலி ஆகாம இருக்க ஒரு பூட்டு போடணும்னு நான் ஆறு மாசமா கத்திக்கிட்டு இருந்த வேலை அது. டெமோவுல பூட்டைக் காட்டினா யாரு கை தட்டுவா?

அந்தக் கடுப்புல வீட்டுக்கு வந்து என்னத்தையோ படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் ஒரு துப்பாக்கிக் கம்பெனியோட கதை கண்ணுல பட்டது. படிக்கப் படிக்க இது எங்க ஆபீஸ் கதை மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு, காலேஜ்ல என்.சி.சி.யில குப்புறப் படுத்து .22 ரைஃபிள்ல சுட்ட சில தோட்டாக்களோட முடிஞ்சுது. மெக்கானிக்கல் படிச்சதால ஸ்பிரிங்கும் கியரும் எங்க இருந்தாலும் எட்டிப் பாக்கிற புத்தி மட்டும் போகல. அவ்வளவுதான்.

பழசாகாத பொருளை எப்படி விக்கிறது?

கம்பெனி பேரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன்னு ரெண்டு பேர் 1850-களில் ஆரம்பிச்சது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுதான் ரொம்ப காலம் அதோட ஊர். 1857-ல இவங்க கொண்டு வந்த முதல் ரிவால்வர் உண்மையாவே புதுசு. மருந்தும் குண்டும் ஒரே உலோகக் கூட்டுக்குள்ள இருக்கிற தோட்டாவை, முழுசா ஓட்டை போட்ட சிலிண்டருக்குள்ள பின்பக்கமா போடலாம். ரோலின் வைட் என்பவர் கையில இருந்த பேடன்டுக்கு, விக்கிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 சென்ட் கொடுத்து உரிமை வாங்கினாங்க. 1869-ல அந்தப் பேடன்ட் காலாவதி ஆகற வரைக்கும் மத்தவங்க வாயைப் பாத்துக்கிட்டுதான் இருக்க வேண்டியிருந்துச்சு.

1899-ல மிலிட்டரி அண்ட் போலீஸ்னு ஒரு ரிவால்வர் வந்துது. அதோட ரிவால்வர் என்கிற பொருளோட வடிவமே ஏறக்குறைய முடிஞ்சு போச்சுன்னு சொல்லலாம். இன்னிக்கு கடையில இருக்கிற ரிவால்வரைப் பிரிச்சுப் பாத்தாலும் அந்த 1899 தாத்தாவோட ஜாடை தெரியும். அந்த ஒரு மாடலும் அதோட வாரிசுகளும் மட்டும் 60 லட்சத்துக்கு மேல வித்திருக்கு.

இங்கதான் சிக்கல். நல்ல எஃகுல செஞ்ச ரிவால்வர் லேசுல கெடாது. தாத்தா வாங்கினதைப் பேரன் சுடலாம். செல்போன் மாதிரி ரெண்டு வருஷத்துல தூக்கிப் போடற பொருள் இல்ல. ஏற்கனவே ஒண்ணு வச்சிருக்கிறவன் இன்னொண்ணு ஏன் வாங்கணும்? ஒரே மாதிரி ரிவால்வரை நாலு கம்பெனி செய்யுது, அதுல உன் பேரு போட்டதை ஏன் வாங்கணும்?

இந்தக் கேள்விக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் திரும்பத் திரும்ப ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கு: யாருக்குமே தேவைப்படாத அளவுக்குப் பெருசா ஒண்ணு செய், எல்லாரும் அதைப் பாக்கட்டும். மூணு தடவை இந்தச் சீட்டை ஆடியிருக்காங்க. மூணாவது தடவைதான் என்னைத் தூங்க விடாதது.

முதல் ஆட்டம்: 1935

அமெரிக்கா பொருளாதார மந்தத்துல முழி பிதுங்கிக் கிடந்த நேரம். கார்ல பறக்கிற கொள்ளைக்காரங்க காலம். போலீஸ் கையில இருந்த .38 தோட்டா கார் தகரத்தைத் துளைக்க மாட்டேங்குதுன்னு புலம்பல். எதிரிக் கம்பெனியான கோல்ட் 1929-லயே .38 சூப்பர்னு வேகமான தோட்டாவோட ஒரு பிஸ்டல் விட்டாச்சு.

அப்ப கம்பெனியில இருந்த டக்ளஸ் வெஸ்ஸன், நிறுவனரோட பேரன். அவரும், பிலிப் ஷார்ப் போன்ற துப்பாக்கி ஆர்வலர்களும், தோட்டா செய்யற வின்செஸ்டர் கம்பெனியும் சேர்ந்து .38 தோட்டாவுக்குள்ள திணிக்க முடிஞ்ச மட்டும் சக்தியைத் திணிச்சாங்க. அழுத்தம் பழசைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இதைப் பழைய ரிவால்வர்ல போட்டுச் சுட்டா சிலிண்டர் வெடிச்சுக் கையோட போயிடும். அதுக்கு என்ன பண்ணாங்கன்னா, தோட்டாக் கூட்டை மூணு மில்லிமீட்டர் சொச்சம் நீளமாக்கிட்டாங்க. பழைய துப்பாக்கிக்குள்ள அது நுழையவே நுழையாது. எச்சரிக்கைப் பலகையும் கிடையாது, கையேடும் கிடையாது, பொருளோட வடிவமே தப்பு நடக்காம பாத்துக்குது. என் மெக்கானிக்கல் மனசு இந்த இடத்துல எழுந்து நின்னு கை தட்டுச்சு.

பேரு .357 மேக்னம். பெரிய சைஸ் ஷாம்பெயின் பாட்டிலுக்குத்தான் மேக்னம்னு பேரு. பிரிட்டிஷ்காரங்க வேட்டைத் தோட்டாவுக்கு ஏற்கனவே அந்தப் பேரை வச்சிருந்தாங்க. கைத்துப்பாக்கிக்கு அதைக் கொண்டு வந்து பிரபலமாக்கினது இவங்க.

ஆனா பொருளை விட, வித்த விதம்தான் சுவாரசியம். விலை 60 டாலர், மந்த காலத்துல சின்னக் காசு இல்ல. கடைக்குப் போய் எடுத்துட்டு வர முடியாது. குழல் எவ்வளவு நீளம், குறி பாக்கிற முள் எந்த வகை, பிடி எந்த மரம்னு எழுதிக் கொடுத்து ஆர்டர் போடணும். உங்க ஒருத்தருக்காகவே செஞ்சு, ஒரு பதிவு எண் கொடுத்து, சான்றிதழோட அனுப்புவாங்க. அதனாலயே அதுக்கு 'ரெஜிஸ்டர்ட் மேக்னம்'னு பேரு. முதல் துப்பாக்கி யாருக்குப் போச்சு தெரியுமா? எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கு. பின்னாடி இரண்டாம் உலகப்போர்ல பேர் வாங்கின ஜெனரல் பேட்டனும் தந்தப்பிடி போட்டு ஒண்ணு வாங்கி இடுப்புல மாட்டிக்கிட்டார். டக்ளஸ் வெஸ்ஸனே இதைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போய்ப் பெரிய விலங்குகளைச் சுட்டு, கைத்துப்பாக்கியாலேயும் முடியும்னு காட்டினார்.

இப்படி ஏறக்குறைய 5,500 துப்பாக்கி செஞ்சாங்க. 60 லட்சம் வித்த கம்பெனிக்கு 5,500 எம்மாத்திரம்? ஆனா சாதாரண .38 வாங்கப் போன போலீஸ்காரன் மனசுல 'ஹூவர் வச்சிருக்கிற துப்பாக்கியைச் செய்யற கம்பெனி'ன்னு ஒரு படம் விழுந்துடுச்சு. அதுதான் லாபம்.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? 2008-ல சென்னை சில்க்ஸ்காரங்க ரவி வர்மா ஓவியங்களை நெஞ்சு, தங்கமும் கல்லும் வச்சு, ஏறக்குறைய 40 லட்ச ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை செஞ்சாங்களே, அதே சங்கதி. அதைப் பத்திப் பேசினவங்கள்ல எத்தனை பேர் அதை வாங்கற நிலைமையில இருந்திருப்பாங்க? ஆனா பேரு மனசுல நின்னுச்சுல்ல.

ரெண்டாவது ஆட்டம்: 1955

எல்மர் கீத்னு ஐடஹோ மாநிலத்துல ஒரு பண்ணைக்காரர். பெரிய தொப்பி வச்சுக்கிட்டு, துப்பாக்கிப் பத்திரிகைகளுக்கு எழுதறவர். அந்தக் காலத்துப் பிரபல பதிவர்னு வச்சுக்குங்க :) .44 தோட்டாவுல மருந்தை அள்ளிப் போட்டு வீட்டிலேயே தயார் பண்ணிச் சுட்டுக்கிட்டே, "இதை ஒழுங்கா ஒரு கம்பெனி செய்யக் கூடாதா"ன்னு வருஷக் கணக்கா எழுதிக்கிட்டு இருந்தார்.

கடைசியில ரெமிங்டன் தோட்டா செய்ய, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் செய்ய, 1955 கடைசியில .44 மேக்னம் ரெடி. மறுபடியும் அதே மூணு மில்லிமீட்டர் தந்திரம், கூடு கொஞ்சம் நீளம். 1957-ல இதுக்கு மாடல் 29னு நம்பர் கிடைச்சுது.

சுட்டவங்க கை கடுத்துப் போச்சு. அப்ப ஒரு கிண்டல் உண்டாம். பழைய துப்பாக்கிக் கடையில .44 மேக்னம் விலைக்கு வந்தா, கூடவே 50 தோட்டா பெட்டியும் வரும், அதுல ஆறு மட்டும் குறையும். ஒரு ரவுண்டு சுட்டுப் பாத்ததும் போதும் சாமின்னு வித்துட்டாங்கன்னு அர்த்தம்.

இப்படி வேட்டைக்காரங்களும் வெறியங்களும் மட்டும் வாங்கிக்கிட்டு இருந்த துப்பாக்கிக்கு, 1971 டிசம்பர்ல யோகம் அடிச்சுது. டான் சீகல் இயக்கத்துல 'டர்ட்டி ஹாரி' படம். சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ்காரரா கிளின்ட் ஈஸ்ட்வுட், கையில மாடல் 29. இது உலகத்துலேயே சக்தி வாய்ந்த கைத்துப்பாக்கின்னு அவர் எதிராளி கிட்ட நிதானமாச் சொல்ற காட்சி ஹாலிவுட்டுல சாகாவரம் பெற்றது. படம் ஓடினதும் கடையில சரக்கு இல்ல. பட்டியல் விலைக்கு மேல கொடுத்து வாங்கினாங்க.

நிஜத்துல ஊருக்குள்ள ரோந்து போற போலீஸ்காரனுக்கு அந்தத் துப்பாக்கி சுத்த வேஸ்ட். கனம், உதறல், ஆளைத் துளைச்சிட்டுப் பின்னாடி இருக்கிறவன் மேலயும் பாயற குண்டு. ஆனா யாரு கேட்டா? கம்பெனி ஒரு பைசா விளம்பரம் கொடுக்காம, 'உலகத்துலேயே பெருசு'ன்னா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்தான்னு குழந்தைக்குக்கூட தெரிஞ்சு போச்சு.

சறுக்கல்

'உலகத்துலேயே பெருசு' என்கிற பட்டத்துல ஒரு கஷ்டம் இருக்கு. அடுத்தவன் ஒரு அங்குலம் கூட்டினா பட்டம் போயிடும். 1983-ல வயோமிங்ல ஃப்ரீடம் ஆர்ம்ஸ்னு ஒரு குட்டிக் கம்பெனி .454 காசுல் தோட்டாவுக்கு ரிவால்வர் செஞ்சு அந்தப் பட்டத்தைத் தட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

அதை விடப் பெரிய அடி ஆஸ்திரியாவுல இருந்து வந்துது. காஸ்டன் கிளாக்னு ஒருத்தர். அதுக்கு முன்னாடி துப்பாக்கியே செஞ்சதில்ல, ஜன்னல் திரைக் கம்பியும் கத்தியும் செஞ்சுக்கிட்டு இருந்தவர். 1982-ல ஆஸ்திரிய ராணுவம் அவரோட கிளாக் 17-ஐ எடுத்துக்கிச்சு. உடம்பு பிளாஸ்டிக், பாக்க செங்கல் கட்டி மாதிரி. அமெரிக்காவுக்கு வந்தப்ப 'பிளாஸ்டிக் துப்பாக்கி, விமான நிலையக் கருவியில மாட்டாது'ன்னு பத்திரிகையெல்லாம் அலறுச்சு. மேல் பாகமும் குழலும் எஃகு, அதெல்லாம் நல்லாவே மாட்டும். ஆனா அந்த அலறலே கிளாக்குக்கு இலவச விளம்பரம். விலையும் கம்மி, 17 தோட்டா கொள்ளும். போலீஸ்காரங்க கூட்டம் கூட்டமா ரிவால்வரைத் தூக்கிப் போட்டுட்டு அந்தப் பக்கம் போனாங்க.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ன பண்ணிச்சு? 1994-ல சிக்மான்னு ஒரு பிளாஸ்டிக் பிஸ்டல் விட்டுச்சு. காப்பியடிச்சுட்டாங்கன்னு கிளாக் கேஸ் போட்டு, 1997-ல சமரசம் பேசி முடிச்சாங்க. ஒரு காலத்துல பேடன்டை வச்சு மத்தவங்களைக் காக்க வச்ச கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு நடுவுல முதலாளியும் மாறிக்கிட்டே இருந்தாங்க. 1987-ல டாம்கின்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் 11.25 கோடி டாலருக்கு வாங்கிச்சு. இந்த டாம்கின்ஸ் 1992-ல ஹோவிஸ் ரொட்டி செய்யற கம்பெனியையும் வாங்கினதால, 'ரொட்டியிலிருந்து துப்பாக்கி வரை'ன்னு லண்டன்ல கிண்டல் பண்ணுவாங்க.

ஒரு பூட்டு போட்ட கதை

இப்ப 2000-க்கு வருவோம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1998 கடைசியில நியூ ஆர்லியன்ஸ், சிகாகோன்னு நகராட்சிகள் துப்பாக்கிக் கம்பெனிகள் மேல வரிசையா வழக்கு போட ஆரம்பிச்சிருந்தாங்க. பாதுகாப்பில்லாத பொருளை விக்கிறீங்க, கண்ட கடைக்கும் கொடுக்கிறீங்க, அதனால வர்ற ஆஸ்பத்திரி செலவும் போலீஸ் செலவும் எங்க தலையில விழுதுன்னு. ஜெயிக்கிறது தோக்கிறது அப்புறம், வக்கீல் ஃபீஸ் கட்டியே கம்பெனி முழுகிடும்.

2000 மார்ச் 17. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தனியா போய் கிளின்டன் அரசாங்கத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. எல்லாத் துப்பாக்கியோடயும் விசையைப் பூட்டற பூட்டு கொடுப்போம். ரெண்டு வருஷத்துக்குள்ள துப்பாக்கிக்கு உள்ளேயே சாவி போட்டுப் பூட்டற ஏற்பாடு செய்வோம். சொந்தக்காரர் கையில மட்டும் சுடற மாதிரியான தொழில்நுட்பத்துக்கு வருமானத்துல 2 சதவீதம் ஒதுக்குவோம். ஒழுங்கா விக்காத கடைக்குச் சரக்கு கொடுக்க மாட்டோம். ஏறக்குறைய இதுதான் சாரம். படிச்சா 'அட, நியாயமாத்தானே இருக்கு'ன்னு தோணுதில்ல?

வாடிக்கையாளர்களுக்குத் தோணல. துரோகின்னு முத்திரை குத்திட்டாங்க. தேசிய ரைஃபிள் சங்கம் கண்டிச்சுது. கூட நிப்பாங்கன்னு எதிர்பார்த்த மத்த பெரிய கம்பெனி ஒண்ணுகூட கையெழுத்து போடல. கடைக்காரங்க சரக்கு எடுக்க மறுத்தாங்க, வாங்கறவங்க புறக்கணிச்சாங்க. அந்த வருஷமே ஆட்குறைப்பு. ஒப்பந்தம் போட்ட தலைமை நிர்வாகி எட் ஷுல்ட்ஸும் கிளம்பிட்டார்.

2001 மே மாசம் டாம்கின்ஸ் கை கழுவிடுச்சு. விலை 1.5 கோடி டாலர் ரொக்கம், கூடவே 3 கோடி டாலர் கடன் வாங்கினவங்க தலையில. 14 வருஷத்துக்கு முன்னாடி கொடுத்தது 11.25 கோடி. ஒன்றரை நூற்றாண்டு பேரோட விலை இப்படி ஆயிடுச்சு.

வாங்கினது யாரு? அரிசோனாவுல இருந்த சேஃப்-டி-ஹேமர். அவங்க தொழில் என்னன்னா, துப்பாக்கிக்குப் பூட்டு செய்யறது! கதை எழுதினாக்கூட இப்படி எழுத மாட்டோம்.

புது அதிபர் புஷ் அரசாங்கம் அந்த ஒப்பந்தத்தைக் கண்டுக்கல. அது காகிதத்தோட நின்னு போச்சு. ஆனா ரிவால்வர் பக்கவாட்டுல சாவி போடற குட்டி ஓட்டை மட்டும் வந்துடுச்சு. வாடிக்கையாளர்கள் அதுக்கு வச்ச பட்டப்பேரு 'ஹிலாரி ஓட்டை'. கோவம் யார் மேலன்னு புரியுதா?

மூணாவது ஆட்டம்: 2003

இப்ப உங்களை அந்தப் புது முதலாளியா நினைச்சுக்குங்க. கையில பழைய பேரு இருக்கு. ஆனா அந்தப் பேரைக் கேட்டா வாங்கறவன் காறித் துப்பறான். 'நாங்க மாறிட்டோம்'னு விளம்பரம் கொடுத்தா நம்புவானா? 'மன்னிச்சுக்குங்க'ன்னு வாய் விட்டுச் சொன்னா, அந்தப் பக்கம் வழக்கு போட்ட நகராட்சிக்காரன் பாத்துக்கிட்டு இருக்கான். பேசவே முடியாது. பொருளைத்தான் பேச விடணும்.

2003 ஆரம்பத்துல, துப்பாக்கி வியாபாரிகளுக்காக வருஷா வருஷம் நடக்கிற ஷாட் ஷோவுல அது வெளியே வந்துது. பேரு மாடல் 500. அரை அங்குல விட்டம் உள்ள குண்டு. தோட்டாவை கோர்பான்னு ஒரு சின்ன கம்பெனியோட சேர்ந்து புதுசா வடிவமைச்சாங்க. இருக்கிற எந்த உடம்பும் தாங்காதுன்னு எக்ஸ் ஃப்ரேம்னு புது உடம்பே செஞ்சாங்க. பெரிய ரகம் தோட்டா இல்லாமலேயே ரெண்டு கிலோ. நீளம் 38 சென்டிமீட்டர், ஸ்கூல்ல வச்சிருந்த ஒரு அடி ஸ்கேலைத் தாண்டி நிக்கும். சிலிண்டர்ல ஆறு தோட்டாவுக்கு இடம் இல்ல, அஞ்சுதான். சுடும்போது முகத்துக்கு ஏறாம இருக்க, குழல் நுனியில வாயுவை மேல பக்கமா வெளியேத்தற ஓட்டைகள்.

கணக்கு சொல்றேன். சாதாரண .38 தோட்டா வெளியே வரும்போது அதுல இருக்கிற ஆற்றல் 300, 400 ஜூல். .357 மேக்னம் 700, 800. டர்ட்டி ஹாரியோட .44 சுமார் 1,300. ஏகே-47 துப்பாக்கியோட தோட்டாவே ஏறக்குறைய 2,000 ஜூல்தான். மாடல் 500-ல பெரிய தோட்டாக்கள் 3,500 ஜூலைத் தொடும். தோள்ல வச்சுச் சுடற ராணுவத் துப்பாக்கியைத் தாண்டின ஆற்றலை ஒருத்தன் கையில பிடிச்சுக்கிட்டுச் சுடணும்.

எதுக்கு? அலாஸ்காவுல கரடி வந்தா உதவும்னாங்க. கைத்துப்பாக்கி வேட்டைக்காரங்க சில பேர் இருக்காங்க. அவ்வளவுதான். போலீஸுக்கு ஆகாது, வீட்டுக் காவலுக்கு ஆகாது, இடுப்புல மாட்டினா வேட்டி அவுந்துடும்.

ஆனா அன்னிக்கு அந்தக் கண்காட்சியில பேச்செல்லாம் அதைப் பத்திதான். உலகத்துலேயே சக்தி வாய்ந்த ரிவால்வர் பட்டம் வீட்டுக்குத் திரும்பி வந்துடுச்சு. ஒப்பந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்த ரெண்டு கிலோ எஃகு பேசிடுச்சு: 'நாங்க இனிமே பாதுகாப்பைப் பத்திப் பேசற கம்பெனி இல்ல. உங்க ஆளு.' வெறும் ஒரு துப்பாக்கியால மட்டும் புறக்கணிப்பு ஓயல, முதலாளி மாறினதும் ஆட்சி மாறினதும் பெரிய காரணம். ஆனா இனிமே அந்தப் பேரைக் கேட்டா முதல்ல எது ஞாபகம் வரணும்னு அந்தத் துப்பாக்கிதான் முடிவு பண்ணுச்சுன்றது என்னோட வாசிப்பு. மன்னிப்புக் கடிதத்தை எஃகுல எழுதி அனுப்பியிருக்காங்க.

1935-லயும் 1955-லயும் பெருசா செஞ்சப்ப, தோட்டாவை மூணு மில்லிமீட்டர் நீட்டி யாரு கையும் போகாம பாத்துக்கிட்ட அதே கம்பெனி. அப்ப பாதுகாப்பும் கர்வமும் ஒரே பொருளுக்குள்ள இருந்துச்சு. 2003-ல கர்வம் வேணும்னா பாதுகாப்பைப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு ஆயிடுச்சு. வேடிக்கை என்னன்னா, அந்த மாடல் 500 பக்கவாட்டுலயும் அந்தக் குட்டிச் சாவி ஓட்டை இருக்கு. யாரும் காட்டல, அவ்வளவுதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

கம்பெனி பிழைச்சுது. காசு கொடுத்தது மாடல் 500 இல்ல. 2005-ல துப்பாக்கிக் கம்பெனிகள் மேல அப்படிப்பட்ட வழக்கு போடறதைப் பெருமளவு தடுக்கிற சட்டம் வந்துது. அதே சமயத்துல 1899 தாத்தாவோட பேரையே தூசு தட்டி எடுத்து, எம் அண்ட் பின்னு பிளாஸ்டிக் பிஸ்டல் விட்டாங்க. 2006-ல அதே பேர்ல ராணுவ ஜாடையில ஒரு ரைஃபிள், எம் அண்ட் பி 15. வித்துத் தள்ளுச்சு.

அந்த ரைஃபிள் பேரை நீங்க வேற இடத்துல கேள்விப்பட்டிருப்பீங்க. 2012-ல அரோரா தியேட்டர். 2018 பிப்ரவரி 14-ல பார்க்லேண்ட் பள்ளிக்கூடம், 17 உயிர். 2022 ஜூலை 4-ல ஹைலேண்ட் பார்க் ஊர்வலம், 7 உயிர். மூணு இடத்துலயும் அதே மாடல்.

பார்க்லேண்டுக்கு அப்புறம் கத்தோலிக்க கன்னியாஸ்திரிகள் சில பேர் ஒரு காரியம் பண்ணாங்க. கம்பெனியோட பங்குகளை வச்சிருந்தவங்க அவங்க. உங்க பொருளால வர்ற ஆபத்தைக் குறைக்க என்ன செய்யறீங்க, உங்க பேருக்கு அதனால என்ன பாதகம்னு அறிக்கை கொடுங்கன்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க. 2018 செப்டம்பர்ல அது ஜெயிச்சுடுச்சு.

2019 பிப்ரவரியில அறிக்கை வந்துது. சாரம் என்னன்னா: துப்பாக்கி உரிமைக்காக நிக்கற கம்பெனின்னு எங்களுக்கு ஒரு பேரு இருக்கு. எங்க கிட்ட வாங்காதவங்க மத்தியில நல்ல பேரு எடுக்கறதுக்காக அதைப் பணயம் வைக்க முடியாது. 2000-ல பட்ட சூட்டை அவங்க மறக்கலன்னு எனக்குத் தோணுச்சு.

வியாபாரமா பாத்தா தப்பு சொல்ல முடியல. ஆனா என்னை உறுத்தறது இதுதான். தான் யாருன்னு காட்டறதுக்காக ஒரு பொருள் செஞ்சா, அப்புறம் அதுவாவே இருந்தாகணும். பாக்கிறவங்க திரும்ப விட மாட்டாங்க. பூட்டு போட்டதுக்காக ஒரு தடவை உதை வாங்கினவன், அடுத்து யாராவது பூட்டைப் பத்தி வாயெடுத்தாலே ஓடிடுவான். இப்ப 2020-களில் பூட்டு இல்லாத ரிவால்வர்களை மறுபடி கொண்டு வந்து, 'பூட்டு இல்லை' என்பதையே விசேஷமாச் சொல்லி விக்கிறாங்க. ஒரு பொருள்ல இல்லாத ஒண்ணு விற்பனைச் சரக்காகுதுன்னா, அந்தக் கோவம் எவ்வளவு ஆழம்னு பாத்துக்குங்க.

எங்க ஆபீஸுக்குத் திரும்புவோம். உருண்டை டெமோவுல சுத்துச்சு, பெரிய தலைங்க ஆவ்னு பாத்தாங்க, ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. நான் உருண்டைக்கு எதிரி இல்ல. காட்டறதுக்கும் ஒண்ணு வேணும், அதுவும் சோறு போடுது. ஆனா திங்கட்கிழமை காலைல லீடு சீட்டுக்கு முன்னாடி போய் நின்னேன். "பாஸ், உருண்டையைக் காட்டியாச்சு. இப்ப பூட்டு." அவர் ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அதைக் கஸ்டமர் கேக்கலையேப்பா"ன்னார்.

"ஒருநாள் தப்பா அமுக்குவாங்க பாஸ், அன்னிக்குக் கேப்பாங்க"ன்னேன்.

மூணு நாள் கொடுத்திருக்கார். அடுத்த வாரம் உள்ள போயிடும்னு நினைக்கிறேன். பாக்கலாம்.

உங்க கம்பெனியிலும் இப்படி ஒரு உருண்டை இருக்கும், அதுக்காகத் தள்ளிப் போன ஒரு பூட்டும் இருக்கும். பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் நடத்த இந்தப் பதிவு இல்ல. கும்மி அடிக்கிறவங்க அடிக்கலாம், ஆனா செத்துப் போனவங்க பேர் வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க.